உப்பு எங்கே போச்சு? ‘மறுசுழற்சி’ சதவீதங்களை எப்படி வாசிப்பது

(சென்னையில் மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

உள்ளே வரும்போதே ஒரு தோழர் கேட்டார்: “சுழற்சிப் பொருளாதாரம், குறியீடு, அளவீடுன்னு தலைப்பு போட்டிருக்கீங்க. இது நம்ம கூட்டம்தானா, இல்ல எம்.பி.ஏ. வகுப்பா?” நியாயமான கேள்வி. ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பொறியியலோ வணிகமோ படித்தவர்கள். இன்னும் இரண்டு வருடத்தில் ஏதோ ஒரு நிறுவனத்தின் ‘நிலைத்தன்மை அறிக்கை’க்கு எக்செல் நிரப்பிக்கொண்டிருப்பீர்கள். அந்த எக்செல்லில் எந்தப் பத்தி இல்லை என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எடுத்துக்காட்டாக ஒரே ஒரு தொழிலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்: பாலாற்றங்கரையின் தோல் தொழில்.

சென்னையில் நடந்த ஒரு தோல் கண்காட்சிக்கு அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். அப்பா 22 வருடம் டேனரியில் வேலை பார்த்தவர். அதில் முக்கால்வாசிக் காலம் பச்சைத்தோல் பக்கம், அதாவது உப்பு உதறுகிற இடம். ஒரு கடையில் பளபளப்பான கையேடு கொடுத்தார்கள். முதல் பக்கத்திலேயே பச்சை நிற வட்டங்களுக்குள் மூன்று எண்கள். நீர் மறுசுழற்சி 90 சதவீதம். குரோமியம் மீட்பு 95 சதவீதம். துணைப்பொருள் பயன்பாடு 100 சதவீதம். நான் அப்பாவுக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். “எல்லாம் சரிடா. உப்பு எங்கடா போச்சு?”

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடித்தேடிப் படித்ததைத்தான் இன்று சொல்கிறேன்.

அதற்கு முன் அடிப்படை. சுழற்சிப் பொருளாதாரம் என்றால், மண்ணிலிருந்து எடு, பொருளாக்கு, தூக்கிப் போடு என்று நேர்க்கோட்டில் போவதற்குப் பதிலாக, பொருளைத் திரும்பத் திரும்பப் பயன்பாட்டுக்குள் கொண்டுவருவது. கேட்க நல்ல விஷயம். நல்ல விஷயமும்தான். ஒரு தொழில் எவ்வளவு தூரம் ‘சுழல்கிறது’ என்று அளக்கத்தான் குறியீடுகள். இப்போது இதற்குச் சர்வதேசத் தரநிலையே இருக்கிறது, 2024இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 59020. உள்ளே வரும் பொருள், வெளியே போகும் பொருள், ஆற்றல், நீர், பணம் என்று தலைப்புகள் போகும். இந்தியாவில் பங்குச்சந்தையில் உள்ள முன்னணி 1000 நிறுவனங்கள் செபிக்குக் கொடுக்கும் பொறுப்பறிக்கையிலும் இதுபோன்ற கேள்விகள் உண்டு.

எந்தக் குறியீடாக இருந்தாலும் அது ஒரு பின்னம். மேலே ஒரு எண், கீழே ஒரு எண். பள்ளியில் படித்த தொகுதி, பகுதி. ஒரு சதவீதத்தைப் பார்த்ததும் நாம் மேலே உள்ள எண்ணைத்தான் பார்க்கிறோம். எதில் 90 சதவீதம், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளந்த 90 சதவீதம் என்று கேட்பதில்லை. எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட்டுப் பழகிய நாட்டில், ஒரு கோட்டைப் பார்த்தால் அதை யார் போட்டார்கள் என்று கேட்கும் புத்தி நமக்காவது இருக்க வேண்டும்.

குரோமியத்திலிருந்து தொடங்குவோம். பச்சைத்தோல் அழுகாமல் தோலாக மாற வேண்டுமென்றால் பதனிட வேண்டும். பெரும்பாலும் குரோமியம் உப்பைக் கொண்டுதான் செய்கிறார்கள். டிரம்மில் தோலையும் குரோமியக் கரைசலையும் போட்டுச் சுற்றுவார்கள். வழக்கமான முறையில் போடும் குரோமியத்தில் 60 முதல் 70 சதவீதம்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் கரைசலிலேயே நிற்கும். அதைத் தனியே வடித்து, காரம் சேர்த்துப் படியவைத்து, திரும்ப அமிலத்தில் கரைத்து அடுத்த முறைக்குப் பயன்படுத்தலாம். இதுதான் மீட்பு அலகு. நல்ல தொழில்நுட்பம், இதை நான் குறை சொல்லவில்லை. அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி வேலைகளில் நிறையச் செய்திருக்கிறது.

இப்போது அந்த 95 சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்போம். புரிவதற்காக நானே போட்ட கணக்கு இது. டிரம்மில் 100 கிலோ குரோமியம் போட்டோம். 65 கிலோ தோலில் ஏறியது, 35 கிலோ மிச்சம். அதில் 10 கிலோ தோலைப் பிழியும்போதும் கழுவும்போதும் வேறு தண்ணீரோடு போய்விட்டது. மீட்பு அலகுக்கு வந்தது 25 கிலோ. அந்த அலகு உண்மையிலேயே நன்றாக வேலை செய்து 95 சதவீதத்தை, கிட்டத்தட்ட 24 கிலோவை மீட்டுவிட்டது. கையேட்டில் “குரோமியம் மீட்பு 95 சதவீதம்” என்று போடலாம், பொய் கிடையாது. ஆனால் போட்ட 100 கிலோவில் சுழற்சிக்குத் திரும்பியது 24. தோலில் ஏறிய 65 கிலோவும் முழுசாகச் செருப்புக்குப் போகவில்லை. தோலைச் சீவும்போது வரும் துகளிலும், ஓரம் வெட்டும்போது விழும் துண்டிலும் அதில் ஒரு பங்கு போகும். அந்தத் துகளை ஒழுங்கில்லாமல் எரித்தால் அது நச்சு அதிகமான ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். எரிக்கிற இடத்தில் நிற்பவர் யார் என்பது எந்தப் பின்னத்திலும் வராது.

கோட்டை இன்னொரு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். டிரம்முக்குள் வந்த குரோமியம் உப்பு எங்கே தயாரானது? ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்று ஒரு தொழிற்சாலை இருந்தது. 1990களில் மூடிவிட்டுப் போனார்கள். போகும்போது விட்டுப்போனது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு மேடு. அந்த மேட்டிலிருந்து கசிவது நிலத்தடி நீருக்குள் இறங்குவது பற்றி இன்றுவரை வழக்கும் ஆய்வும் நடக்கின்றன. டேனரியின் வாசலில் கோட்டைப் போட்டால் இந்த மேடு கணக்கிலேயே வராது. கையேடு அச்சடிக்கிற இடத்திலிருந்து ஒரு பேருந்து தூரம்தான், ஆனால் கணக்கில் அது வேறு கிரகம்.

அடுத்து தண்ணீர். இங்கேதான் அப்பாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

ஒரு டன் பச்சைத்தோலைப் பதனிட வழக்கமான முறையில் 30 ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆகும். 1970, 80களில் அந்தத் தண்ணீர் அப்படியே பாலாற்றுக்குப் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கையை இந்த நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அது சொன்னது. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், அதற்கும் பிறகு ‘பூஜ்ஜியத் திரவ வெளியேற்றம்’. அதாவது ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது. சவ்வு வழியாக வடிகட்டி நல்ல தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும்.

90 சதவீதத் தண்ணீர் திரும்பி வருகிறது. சரி. தண்ணீர் மட்டும்தானே வருகிறது? அதில் கரைந்திருந்தது எங்கே? பச்சைத்தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உப்பு போட்டுத்தான் அனுப்புகிறார்கள். டேனரிக்கு வந்ததும் சட்டத்தில் போட்டு உதறுவார்கள். அப்பா செய்தது அந்த வேலை. கையில் வெடிப்பு விழும், வெடிப்பில் உப்பு ஏறும். இரவில் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். உதறியது போக ஒட்டியிருக்கும் உப்பு தண்ணீரில் கரைகிறது. ஆவியாக்கியில் தண்ணீர் பிரிந்ததும் அடியில் தங்குவது அந்த உப்பு. சாதாரண உப்பும் சல்பேட்டும் இன்ன பிறவும் கலந்த, எவரும் வாங்காத உப்பு. கொட்டகையில் மூட்டை மூட்டையாகவும் குவியலாகவும் கிடக்கிறது. மழைக்கு நனைந்தால் திரும்பவும் கரைந்து ஓடும். ‘பூஜ்ஜிய வெளியேற்றம்’ என்பதில் ‘திரவ’ என்ற ஒரு சொல் இருக்கிறதல்லவா, அதை யாரும் சத்தமாகப் படிப்பதில்லை.

கசடும் அப்படித்தான். நீரைச் சுத்தம் செய்யச் செய்யக் கசடு பெருகும். அறிக்கையில் அது ‘பாதுகாப்பாகச் சேமிக்கப்பட்டது’ என்ற பத்தியில் உட்கார்ந்திருக்கும். சேமிப்பு என்ற பத்தியில் இருக்கும் பொருளுக்கும் எடை உண்டு தோழர்களே. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுக் கசடைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சரிந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்த இடத்திலேயே படுத்திருந்தார்கள். அந்த வருடம் மாவட்டத்தின் தோல் தொழிலுக்கு யாராவது சுழற்சிக் குறியீடு போட்டிருந்தால், இந்தச் சம்பவத்தால் அது ஒரு புள்ளிகூடக் குறைந்திருக்காது.

இது விபத்து, அடிக்கடி நடப்பதில்லை என்று சொல்லலாம். அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். தோலிலிருந்து முடியை நீக்க சோடியம் சல்பைடு பயன்படுத்துகிறார்கள். அந்தக் கழிவுநீரும் அடுத்த கட்டத்தில் வரும் அமிலக் கழிவுநீரும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். தேங்கிக் கிடக்கும் கசடிலிருந்தும் கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் போய்விட்டதே என்று இறங்குபவர் திரும்பி ஏறுவதில்லை. அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் ஏறுவதில்லை. டேனரித் தொட்டி மரணச் செய்திகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கும். இறங்கியவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று இந்தக் கூட்டத்தில் நான் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள்ளோ மலக்குழிக்குள்ளோ இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்தால்தான் சுத்திகரிப்பு நிலையம் ஓடும், ஓடினால்தான் 90 சதவீதம் வரும். தொகுதியில் உள்ள எண்ணை உண்டாக்கும் ஆள், தொகுதியிலும் இல்லை பகுதியிலும் இல்லை.

மூன்றாவது வட்டம், துணைப்பொருள் 100 சதவீதம். ஒரு டன் உப்பிட்ட பச்சைத்தோலிலிருந்து கடைசியில் கிடைக்கும் முடித்த தோல் 200, 250 கிலோதான். மற்றவை சதை ஒட்டு, முடி, துண்டு, துகள், தூசி. இவற்றில் பசை, ஜெலட்டின், உரம், அட்டை எனப் பலதும் செய்கிறார்கள். ‘பயன்பாடு’ என்ற சொல் இவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கிறது. திரும்பத் தோலாக ஆனதும் பயன்பாடு, எங்கோ ஒரு கொட்டகையில் பசையாகக் காய்ச்சப்பட்டதும் பயன்பாடு. அந்தக் கொட்டகையில் வேலை செய்பவருக்கு இ.எஸ்.ஐ. உண்டா என்பது வேறு துறை. பிளாஸ்டிக்கிலும் இதே கதை. இந்தியாவில் பெட் பாட்டில்கள் 90 சதவீதம் மறுசுழற்சி ஆகின்றன, ஐரோப்பாவைவிட அதிகம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி திரும்பப் பாட்டிலாவதில்லை, பாலியஸ்டர் நூலாகிறது, அதன் பிறகு அந்தச் சுற்று நின்றுவிடும். அந்த 90ஐச் சாத்தியமாக்கியது நிறுவனங்களின் சுற்றுச்சூழல் பாசமல்ல, குப்பை மேட்டில் விடியற்காலையில் குனிந்து நிற்கும் பெண்களின் முதுகு. இவ்வளவு மலிவாக ஆள் கிடைக்காத பல நாடுகளில் அந்த எண் குறைவு. அப்படியென்றால் அந்தக் குறியீடு எதை அளக்கிறது? பொருளின் சுழற்சியையா, கூலியின் தாழ்வையா?

இந்தக் கேள்வியை எனக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவிய பாபாசாகேப், மறுநாள் ஆற்றிய நீண்ட உரையில் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறார். செத்த மாட்டைத் தூக்காதீர்கள் என்று அவர் மகர் மக்களிடம் சொல்லிவந்த காலம். ‘கேசரி’ பத்திரிகையில் இதை எதிர்த்து எழுதினார்கள். வசை அல்ல, கணக்கு. செத்த மாட்டின் தோல், கொம்பு, எலும்பு எல்லாவற்றையும் விற்றால் ஆண்டுக்கு இத்தனை நூறு ரூபாய் வரும், அம்பேத்கர் இந்த ஏழைகளின் வருமானத்தைக் கெடுக்கிறார் என்று. சங்கம்னேரில் இதையே நேரில் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: அவ்வளவு லாபம் என்றால் அந்த மாட்டை நீங்களே தூக்கிக்கொள்ளுங்கள், லாபமும் உங்களுக்கே, அதற்கு மேல் 500 ரூபாய் நானும் தருகிறேன்.

நான் இதைப் பல முறை படித்திருக்கிறேன். சுழற்சி பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது: கேசரி போட்டது ஒரு சுழற்சிக் குறியீடு. தோல் வீணாகவில்லை, கொம்பு வீணாகவில்லை, எலும்பு வீணாகவில்லை. கிட்டத்தட்ட நூறு சதவீதம். பாபாசாகேப் அந்தக் கூட்டல் கழித்தலில் பிழை கண்டுபிடிக்கப் போகவில்லை. இந்த எண் உண்மையென்றால் ஏன் ஒரே சாதி மட்டும் இதைச் செய்கிறது என்று கேட்டார். “நம் முன்னோர்கள் எதையும் வீணாக்கவில்லை, கிராமமே கழிவில்லா வாழ்க்கை” என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கும் இதே பதில்தான். செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போட ஒரு சாதியை வைத்திருந்ததால்தான் ஊர் சுத்தமாக இருந்தது. 2016 ஜூலையில் உனாவில் செத்த பசுவின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்கு குஜராத் தலித்துகள் மாட்டுச் சடலங்களை அரசு அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கணக்கில் இல்லாத உழைப்பு ஒரு வாரம் நின்றால் கணக்கு என்னவாகும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கேள்வி நேரத்தில் வரும். அப்படியானால் அளக்கவே வேண்டாமா, எல்லாம் ஏமாற்று வேலையா? இல்லை. அளக்காத காலத்தில்தான் பாலாறு செத்தது. 1996 தீர்ப்பு வந்ததே கிணற்று நீரை அளந்ததால்தான். 2001இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டோராக அடையாளம் காணப்பட்டதும் அளந்ததால்தான். அளவீடு நம் ஆயுதமும்கூட. ஆனால் நிலத்தின் பரப்பை வைத்துப் பாதிப்பைக் கணக்கிட்டால், நிலமே இல்லாமல் அந்த வயலில் கூலி வேலை இழந்தவர் எந்த வரியில் வருவார் என்று அப்போதே சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும்.

விகிதத்தோடு மொத்தத்தையும் கேளுங்கள். உலகப் பொருளாதாரம் 2018இல் 9.1 சதவீதம் சுழல்கிறது என்று ஒரு சர்வதேச அறிக்கை சொன்னது. 2023இல் அதே அறிக்கைத் தொடர் 7.2 என்றது. இடைப்பட்ட காலத்தில் மறுசுழற்சி பற்றிப் பேச்சு குறையவில்லை. மண்ணிலிருந்து எடுப்பது அதைவிட வேகமாகக் கூடியதுதான் காரணம். தோலிலும் அப்படி: 90 சதவீதத் தண்ணீர் திரும்பினாலும் உற்பத்தி இரண்டு மடங்கானால், உப்புக் குவியலும் இரண்டு மடங்கு. எடையா, பண மதிப்பா என்றும் கேளுங்கள். செபி படிவத்தில் மறுசுழற்சி மூலப்பொருளின் பங்கைப் பண மதிப்பில் கேட்கிறார்கள். விலை குறைந்த உப்பு டன் கணக்கில் வந்தாலும் அந்தக் கணக்கில் அது தூசி.

கடைசியாக ஒரு வேலை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் டேனரி வழக்கில் மறுபடியும் தீர்ப்பு சொன்னது. இழப்பீட்டை வழங்கி முடிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து நிலைமையைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. தணிக்கை என்றால் மறுபடியும் குறியீடுகள் வரும். எந்தக் குறியீடு என்று முடிவாவதற்கு முன் நாம் பேச வேண்டும். மேசையில் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்றின் படிகள் இருக்கின்றன, இரண்டு பக்கம்தான். ஒன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு: ஒவ்வொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலும் இன்றைய தேதியில் எத்தனை டன் கலப்பு உப்பு, எத்தனை டன் கசடு இருக்கிறது, எங்கே, எத்தனை வருடமாக. இன்னொன்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு: கடந்த ஐந்து வருடத்தில் டேனரிகளில் தொட்டி எத்தனை முறை சுத்தம் செய்யப்பட்டது, இயந்திரத்தாலா ஆளாலா, ஒப்பந்ததாரர் யார், எத்தனை பேர் இறந்தார்கள்.

உப்பு பற்றிய முதல் கேள்வி அப்பா சொல்லி எழுதியது. படித்துப் பார்த்துவிட்டு விருப்பமுள்ளவர்கள் உங்கள் பெயரில் அனுப்புங்கள். பத்து ரூபாய் கட்டணம். பதில் வந்ததும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுக் கூட்டிப் பார்ப்போம்.